கொண்ட்ரெக்டர் வரவில்லை, வேலை பாதியில் நிற்கிறது: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டு வேலைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாலும் வாய்வழிதான். கோயிலில் பார்த்தவர், மச்சான் வீட்டுக்குப் போர்ச் போட்டவர், பழைய தோட்டத்தில் பக்கத்து லயத்தில் இருந்தவரின் மகன். தெரிந்த ஆள் என்பதால் எதையும் எழுதிக்கொள்வதில்லை. எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம். வேலை கோணலாகப் போகும்போது அந்தக் கூச்சம்தான் நம் கையைக் கட்டிப்போடுகிறது.

அறிகுறி எதுவானாலும் முதலில் ஒரு தாளை எடுத்து இரண்டு தொகைகளை எழுதுங்கள். இன்றுவரை கொடுத்த பணம் எவ்வளவு? இன்றுவரை முடிந்த வேலையின் மதிப்பு எவ்வளவு? பணம் வேலையை முந்தியிருந்தால் அவருக்கு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வர அவசரமில்லை. வேலை முந்தியிருந்தால் அவரே போன் அடிப்பார். கீழே வரும் எல்லா வழிகளும் இந்த இரண்டு தொகைகளைப் பொறுத்தே மாறும்.

வேலை தொடங்கும் முன்பே பாதிப் பணம் கேட்கிறார்

சின்னக் குத்தகையாளரிடம் கைமுதல் இருக்காது. முன்பணம் கேட்பது தப்பில்லை. ஆனால் பாதி கேட்டால், முந்திய வீட்டின் கடனை உங்கள் பணத்தால் அடைக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டியதுதான். ஹார்ட்வேர் கடையில் பழைய பாக்கி நின்றால் புதுச் சாமான் கிடைக்காது. அதனால் உங்கள் முன்பணம் அங்கே போகும், உங்கள் சாமான் அடுத்த வீட்டு முன்பணத்தில் வரும்.

20,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) பின்கட்டு சமையலறை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆள் இறங்கும் நாளில் 2,000. அடித்தளமும் தூணும் சுவரும் எழுந்ததும் 5,000. கூரை போட்டு ஒரு நல்ல மழை பார்த்த பிறகு 5,000. பூச்சு, வயரிங், பைப் முடிந்ததும் 4,000. டைல்சும் சாயமும் முடிந்ததும் 2,000. கடைசி 2,000 ஒப்படைத்து ஒரு மாதம் கழித்து. இதற்கு ஒப்புக்கொள்ளாதவர், "கையில் காசில்லை, சாமான் எப்படி வாங்குவது?" என்பார். வழி இருக்கிறது. சாமானை நீங்களே கடையில் வாங்குங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், அவருக்குக் கூலி மட்டும் பேசுங்கள். நேர்மையானவர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள்.

அப்படி வாங்கும்போது அளவு தெரிந்திருக்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி தரைக்கு 600 மில்லிமீட்டர் சதுர டைல்ஸ் 31 பிடிக்கும். வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்து விழுக்காடு கூட்டினால் 35. பெட்டிக்கு 4 வந்தால் 9 பெட்டி. அதே தரைக்கு 2 அங்குலக் கனத்தில் சிமெண்டு தளம் போட 50 கிலோ மூட்டை நான்கைந்து போதும். அரைச் செங்கல் சுவர் 10 அடிக்கு 10 அடி என்றால் 550 முதல் 600 கல். இந்தத் தரைக்கு 15 மூட்டை சிமெண்டு கேட்டால், மீதி எங்கே போகிறது என்று கேளுங்கள்.

"கிச்சன் எக்ஸ்டென்ஷன், 20,000" என்று ஒரே வரியில் எழுதித் தரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். எத்தனை சதுர அடி, கூரைத் தகட்டின் கனம், டைல்சின் விலை சதுர அடிக்கு எவ்வளவு வரை, எத்தனை பிளக் பாயிண்ட், எத்தனை விளக்கு, உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளும் லோரி யார் செலவு, எந்தத் தேதியில் முடியும் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். லோரிச் செலவு பெரும்பாலும் விட்டுப்போகும். பிறகு அதுதான் முதல் எக்ஸ்ட்ராவாக வந்து நிற்கும்.

அன்றே அவருடைய அடையாள அட்டைப் பெயர், வீட்டு முகவரி, எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டப்படி கட்டுமான வேலை எடுப்பவர் அங்கே பதிந்திருக்க வேண்டும். ஜி1 என்பது அடிமட்டத் தரம், சின்ன வேலைக்கு அதுவே போதும். பணம் எப்போதும் அவர் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ உள்ள கணக்குக்குத்தான். "என் ஒய்ஃப் கணக்குக்குப் போடுங்க" என்றால், அதையும் அவரே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதி அனுப்பட்டும்.

இரண்டு வாரம் மும்முரம், பிறகு ஆளே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பழைய சுவரை உடைத்துவிடுவார்கள், சமையலறை திறந்து கிடக்கும், பிறகு யாரும் வரமாட்டார்கள். உடைத்துப் போட்ட வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேடிப் போகமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

போன் அடிப்பதற்கு முன் வேலை நடந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். டிரில், கிரைண்டர், ரசமட்டம், ஏணி எல்லாம் இருந்தால் ஆள் திரும்பி வருவார். ஏதோ தடங்கல். மண்வெட்டியும் ஓட்டைத் தள்ளுவண்டியும் மட்டும் மிச்சம் என்றால் கூட்டம் வேறு வீட்டுக்கு மாறிவிட்டது. சாமான் இருந்து கருவி இல்லையா, ஆள் பற்றாக்குறை. கருவி இருந்து சாமான் இல்லையா, பணப் பற்றாக்குறை. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஆள் பற்றாக்குறை என்றால் நாள்காட்டியைப் பாருங்கள். நோன்புப் பெருநாளுக்கு இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். சீனப் புத்தாண்டுக்கு ஹார்ட்வேர் கடைகள் பல நாள் மூடிக்கிடக்கும். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் எல்லா வீட்டுக்கும் "பெருநாளுக்கு முன்னே முடிச்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருப்பார், கையில் இருப்பதோ ஒரே கூட்டம். தீபாவளிக்கு முடிய வேண்டிய வேலையை ஜூன், ஜூலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பணப் பற்றாக்குறை என்றால் மேலும் பணம் கொடுக்காதீர்கள். தேவையான சாமானை நீங்களே வாங்கி இறக்கி, அந்தத் தொகையை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுத்து. போனில் திட்டினால் கோபம்தான் தீரும், சான்று மிஞ்சாது. புலனத்தில் மரியாதையாக, தேதியோடு எழுதுங்கள்:

"அண்ணே, வணக்கம். 14-ஆம் தேதிக்குப் பிறகு வேலைக்கு யாரும் வரவில்லை. இதுவரை 12,000 வெள்ளி கொடுத்திருக்கிறேன். கூரைக்கான பணமும் அதில் சேர்ந்தது, கூரை இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை ஆள் அனுப்பி 30-ஆம் தேதிக்குள் கூரையை முடித்துத் தாருங்கள். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், கணக்கு பார்த்து முடித்துக்கொள்ளலாம்."

இதில் மிரட்டல் இல்லை. ஆனால் கொடுத்த தொகை, பாக்கி வேலை, கெடு மூன்றும் இருக்கின்றன. அவர் "சரி" என்று பதில் போட்டாலே தொகையை ஒப்புக்கொண்டதாகிறது. குரல் பதிவு அனுப்பினால் அழிக்காமல் வையுங்கள், அதன் சாரத்தை நீங்களே எழுதி "அண்ணே, இப்படித்தானே சொன்னீர்கள்?" என்று திருப்பி அனுப்புங்கள். முடிக்கும் தேதியைத் தொடக்கத்தில் பேசியிருக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, தேதி குறிக்காத சேவையும் நியாயமான காலத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது.

நடுவில் விலை ஏறுகிறது

உண்மையான எக்ஸ்ட்ராவும் உண்டு. தரையைத் தோண்டினால் பழைய சாக்கடைக் குழாய் தட்டுப்படலாம். கூரையைப் பிரித்தால் கட்டையைக் கரையான் தின்றிருக்கலாம். பழைய வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும், அதற்குக் கூலி கூடும். ஆனால் கொட்டேஷனில் இருந்த ஒன்றுக்கு "சாமான் விலை ஏறிடுச்சி பாஸ்" என்பது எக்ஸ்ட்ரா ஆகாது. படம், அளவு, விலை மூன்றும் புலனத்தில் வந்து, நீங்கள் "சரி, செய்யுங்கள்" என்று எழுதிய பிறகே கூடுதல் வேலையில் கை வைக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கழிவறைச் சுவர் ஓரம் ஈரம், அண்டை வீட்டுச் சுவரிலும் சாயம் பொரிகிறது

வரிசை வீடுகளில் இது அண்டை வீட்டாரோடு சண்டை வரை போகும், அதனால் சரியாகக் கண்டுபிடிப்பது முக்கியம். முதலில் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மீட்டரைப் படம் எடுங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் தொடாதீர்கள். மீட்டர் நகர்ந்திருந்தால் எங்கோ பைப் கசிகிறது. நகரவில்லை என்றால் தரையைச் சந்தேகியுங்கள்.

தரைச் சோதனை: தண்ணீர் போகும் துளையைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடையுங்கள். ஒரு அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். நீர்மட்டத்தில் சுவரில் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். ஆவியாவது சில மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் இறங்கினால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு தோற்றுவிட்டது. டேப்போடு சேர்த்துத் தொடக்கத்திலும் முடிவிலும் படம் எடுங்கள், பின்னால் அதுவே சான்று.

ஏன் தோற்கிறது? பூச்சு ஒரே கை அடித்திருப்பார்கள். இரண்டு கை வேண்டும், இரண்டாவது கை முதல் கைக்குக் குறுக்காக, முதல் கை காய்ந்த பிறகு. சுவரில் குறைந்தது ஓர் அடி ஏற்ற வேண்டும், குளிக்கும் மூலையில் ஆள் உயரம். குழாய் தரையைத் துளைக்கும் இடத்தைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்த பிறகே பூச்சு. இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். குத்தகையாளர் வந்து டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமெண்டு தேய்த்து, ஓரத்தில் சிலிக்கான் இழுத்துவிட்டு "முடிஞ்சது" என்றால் ஏற்காதீர்கள். தண்ணீர் டைல்சுக்கு அடியில் இருக்கிறது. டைல்சைப் பெயர்த்து, பூச்சு போட்டு, மறுபடி 24 மணி நேரம் தேக்கிப் பார்த்த பிறகுதான் புது டைல்ஸ் ஒட்ட வேண்டும். புது வேலையாக இருந்தால் இந்தத் தேக்கும் சோதனையை ஒரு தவணைக்கு நிபந்தனையாகவே எழுதுங்கள்.

டைல்ஸ் ஒட்டியது சரியா என்று பார்க்க 50 சென் காசு போதும். ஒவ்வொரு டைல்சையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை பிடித்திருக்கிறது. டொக் டொக் என்று பொள்ளல் சத்தம் வந்தால் காற்று நிற்கிறது. மூலையில் மட்டும் கொஞ்சம் பொள்ளல் பொறுக்கத்தக்கது. பாதி டைல்சுக்கு மேல் பொள்ளல் என்றால் அது ஒரு நாள் விரிசல் விடும் அல்லது கிளம்பும். மார்க்கர் பேனாவால் குறியிட்டுப் படம் எடுத்து, கடைசித் தவணைக்கு முன் மாற்றச் சொல்லுங்கள். தண்ணீர் வாட்டம் பார்க்க ஒரு வாளி ஊற்றுங்கள். துளைக்குப் போகாமல் மூலையில் குட்டையாக நின்றால் சரிவு தப்பு. 8 அடிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும்.

மழை பெய்தால் புதுச் சமையலறை ஒழுகுகிறது

தகட்டை மாற்றச் சொல்லி அவசரப்படாதீர்கள். ஒழுகல் பெரும்பாலும் தகட்டில் இல்லை, பழைய வீட்டுச் சுவரும் புதுக் கூரையும் சேரும் கோட்டில்தான். மழையில்லாத நாளில் ஒருவர் உள்ளே நிற்க, இன்னொருவர் ஹோஸ் பிடித்துக் கீழிருந்து மேலாக, இடத்துக்குப் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து எதுவும் தெரியாது.

சேரும் கோட்டில் சிலிக்கான் மட்டும் இழுத்திருந்தால் வெயிலில் விரிந்து சுருங்கி அது உரிந்துவிடும். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டி, பிளாஷிங் தகட்டை (சேரும் கோட்டை மூடும் வளைத்த தகடு) உள்ளே செருகி, பியூ (பாலியுரித்தேன்) சீலண்டால் அடைக்க வேண்டும். ஸ்குரு அலையின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கியிருந்தால் சீக்கிரம் வெடிக்கும். சரிவு 10 அடிக்கு ஓர் அடியாவது இருக்கட்டும். இதைவிடத் தட்டையாகப் போட்டிருந்தால் எத்தனை சீலண்டு போட்டாலும் பெருமழையில் தண்ணீர் பின்வாங்கி ஏறும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நேர் கோடாக வெடிப்பு விட்டால், அடித்தளம் வேறு வேறாக இறங்குகிறது. மேலே பூசினால் மறுபடி வெடிக்கும். வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டிக்கொண்டே போனால் குத்தகையாளர் பேச்சை விட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம் அடிக்கடி விழுகிறது

மின்பெட்டியில் எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு தடத்துக்கும் உள்ள சுவிட்ச்) கீழே தள்ளி இஎல்சிபியை (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) ஏற்றுங்கள், பிறகு ஒவ்வொன்றாக மேலே தூக்குங்கள். எதைத் தூக்கும்போது இஎல்சிபி விழுகிறதோ அந்தத் தடத்தில்தான் கோளாறு. மழைநாளில் மட்டும் விழுந்தால் வெளி விளக்கையும் போர்ச் பிளக்கையும் பாருங்கள். எதையும் தூக்காமலேயே விழுந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள், உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். "இஎல்சிபி கெட்டுப்போச்சி, டைரெக்டா கொடுத்திடுறேன்" என்பவரை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது உயிர் போகும் வேலை. சுடுநீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு வேண்டும், வீட்டுக்குப் பொதுவான 100 மில்லி ஆம்பியர் அதற்குப் போதாது. புது வயரிங்குக்கு போரங் (படிவம்) ஜி, போரங் எச் இரண்டு சான்றையும் கேளுங்கள். தரமுடியாதவர் என்றால் சுருஹான்ஜாயா தெனாகாவின் (எரிசக்தி ஆணையம்) உரிமம் இல்லாத ஆளை வைத்து வயர் இழுத்திருக்கலாம்.

நகராண்மைக் கழகத்திலிருந்து நோட்டீஸ்

"பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னவர் பார்க்கவில்லை என்றால், நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. 1974-ஆம் ஆண்டின் 133-ஆவது சட்டப்படி அங்கீகாரம் வேண்டிய கட்டடத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டு உரிமையாளர். அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முதல் சுவரை உடைக்க விடாதீர்கள். தோட்டத்து லயத்து வீடாக இருந்தால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எதுவும் கட்ட வேண்டாம்.

போனே எடுக்கவில்லை, அல்லது "வர்றேன் வர்றேன்" மட்டும்

இனி வரிசை முக்கியம். கோபத்தில் வேறு ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்துவிட்டால் சான்றும் உடைந்துவிடும்.

முதலில் படம், வீடியோ, அளவு. அடுத்து எழுத்தில் கடைசிக் கெடு, 14 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். புலனத்திலும், அவர் முகவரிக்குப் பதிவுத் தபாலிலும். அதில் குறைகளை எண் போட்டு எழுதி, "இந்தத் தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உங்களிடம் கோருவேன்" என்று முடியுங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் வழியே அதுதான். சரிசெய்ய அவருக்கு நியாயமான வாய்ப்பு, அதை அவர் தவறவிட்டால் வெளியே செய்து செலவைக் கேட்கும் உரிமை. கெடு முடிந்ததும் இரண்டு வேறு குத்தகையாளர்களிடம் திருத்தச் செலவுக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள்.

பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக்கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. விவகாரம் எழுந்து மூன்று ஆண்டுக்குள் போரங் 1 தாக்கல் செய்ய வேண்டும், இணையத்திலும் முடியும். பேராக்கில் ஈப்போவுக்குப் போக வேண்டியிருக்கும். எதிர்த் தரப்பின் முகவரி இல்லாமல் மனு நகராது. முதல் நாளே முகவரியும் எஸ்எஸ்எம் எண்ணும் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். கொட்டேஷன், ரசீது, வங்கிப் பரிமாற்றம், புலன உரையாடல், படங்கள், திருத்தச் செலவுக் கொட்டேஷன் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அச்செடுத்து, மலாயில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி மேலே வையுங்கள். என்ன வேண்டும் என்பதைத் தொகையாக எழுதுங்கள். "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் மன்றத்தால் கணக்குப் போட முடியாது.

சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர் என்றால் மனுவுக்கு முன் இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம். பேச்சில் முடிந்ததையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, திருப்பித் தரும் தொகைக்கும் தேதி போடுங்கள். தேதி இல்லாத சமாதானம் ஊரில் பல உறவுகளைக் கெடுத்திருக்கிறது.

முன்பணம் வாங்கியதும் மறைந்தவர், வேலையே தொடங்காதவர் என்றால் கதை வேறு. முகநூல் விளம்பரம் பார்த்து இப்போதுதான் பணம் போட்டிருந்தால் உடனே 997-க்கும் (தேசிய மோசடி எதிர்வினை மையம்) உங்கள் வங்கிக்கும் அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். பணம் போடும் முன்பாக இருந்தால் அந்தக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். வேலை தொடங்கிப் பாதியில் விட்டவர் மேல் புகார் கொடுத்தால் போலீஸ் பெரும்பாலும் சிவில் விவகாரம் என்றே சொல்லும். அங்கே நாள் கடத்தாமல் நடுவர் மன்றத்துக்குப் போங்கள்.

தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ வரலாம். 15-ஆவது நாளே மன்றத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.